வரேன்னு சொன்னா வரணும்

ஒரு பெரிய ஆறு, ஆத்தோரமா ஒரு பழைய கோட்டை, கோட்டையைச் சுத்தி ராஜாவோட முப்பாட்டன் போட்ட பூங்கா. பீரங்கி, தாமரைக் குளம், மயில் எல்லாம் உண்டு. "யார் வேணா வந்து பாருங்க"ன்னு ராஜா வாசலைத் திறந்து விட்டிருந்தார். நல்ல மனுஷர்தான், காவலுக்குத்தான் ஒரு வீணாப்போனவனை வச்சார். அவன் பேர் கும்பலிங்கம். ஏய், சிரிக்காதே, அவங்கம்மா வச்ச பேர்.

செடிக்குத் தண்ணி இறைக்கறதும் அவன் வேலைதான், ஆனா அவனுக்குச் சோம்பல். அதனால என்ன செஞ்சான், சுத்திப் பார்த்துட்டுத் திரும்பறவங்க "போயிட்டு வரேங்க"ம்பாங்க இல்லையா, உடனே பிடிச்சுப்பான். "ராஜா வாசல்ல வரேன்னு சொன்னியே, நாளைக்கு வந்து தண்ணி இறை!" பால்காரர் மாட்டினார், வாத்தியார் மாட்டினார், பூவாத்தாவும் மாட்டினா. மறுநாள் வந்து இறைச்சுட்டுக் கிளம்பும்போது வாய் சும்மா இருக்குமா? மறுபடி "வரேங்க." மறுபடி குடம்.

பூவாத்தா மகளைப் பெண் பார்க்க நாளைக்கு வராங்க. அம்மாக்காரி இங்கே தண்ணி சுமந்துக்கிட்டிருந்தா எப்படி? அவ தங்கச்சி சிலம்பாயி ஓடி வந்தா.

"போறேன்னு சொல்லிட்டு வாயேன் அக்கா."

"ஐயோ, நல்ல காரியம் வச்சுக்கிட்டு அந்த வார்த்தையைச் சொல்லுவேனா!"

"அப்ப நான் சொல்றேன்." பூங்காவை நிதானமா ஒரு சுத்து சுத்திட்டு, சிலம்பாயி வாசலுக்கு வந்தா. "போறேன்."

பூனை குறுக்கே போனாலே திரும்பி வீட்டுக்குள்ள போற ஆள் கும்பலிங்கம். பதறிட்டான். "வாசல்ல நின்னு என்ன பேச்சு இது! வரேன்னு சொல்லு."

"நான்தான் வர மாட்டேனே, பொய் சொல்லவா? போறேன்."

"அம்மா தாயே, நான் பிள்ளைகுட்டிக்காரன்!"

"போறேன். ஒரேயடியாப் போறேன்."

"அட, நீ திரும்பி வரவே வேண்டாம்! வரேங்கறது சும்மா மரியாதைக்குச் சொல்றதுடி!"

மேலே உப்பரிகையில ராஜா எட்டிப் பார்த்தார். "மரியாதைக்கா? அப்ப இவங்கல்லாம் எதுக்குக் குடம் தூக்கறாங்க? ஆசைப்பட்டு வராங்கன்னு நீதானே சொன்னே?"

கும்பலிங்கம் அவசர அவசரமா குடத்தையெல்லாம் பிடுங்கி வச்சுட்டு, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு, மெல்ல நழுவினான். "அப்ப... நான் வரேன் மகாராஜா."

"வா, வா"ன்னார் ராஜா. "விடியும்போதே வந்துடு. குடம் இங்கேயேதான் இருக்கும்."

தினமும் இறைக்கிறான். தினமும் சாயங்காலம் நாக்கைக் கடிச்சுப் பார்க்கிறான், "போறேன்"னு வாயில வரவே மாட்டேங்குது.

அந்தக் கூத்துக்கு மறுநாள் பூவாத்தா வீட்ல பஜ்ஜி தின்னுட்டு மாப்பிள்ளை வீட்டார் எழுந்தாங்க. "போயிட்டு வரோம்."

சிலம்பாயி விடுவாளா? "நிஜமாவா, மரியாதைக்கா?"

நிஜமாவே வந்தாங்க, தாம்பூலத்தட்டோட. ஒருத்தர் மரியாதைக்குச் சொன்னதை வச்சு அவரை வேலை வாங்கக் கூடாது, அவ்வளவுதான். கதை போயிடுச்சு, இனி வராது. போய்ப் படுங்க.