சிங்கத்துக்கு இலை போட்டாச்சு

வளவளன்னு இழுக்கல. ஒரு ஜமீன்தார் இருந்தார், சரியான பெருமை பீத்துற ஆளு. சமையல்காரி மூக்காயி ஒருநாள், "ஐயா சிங்கம் மாதிரி இருக்கீக" என்றாள்.

"மாதிரியா? அது வெறும் உவமை. நான் சிங்கமேதான், உருவகம்! இன்னொரு தரம் மாதிரின்னு சொன்னே, உனக்கு வேலை கிடையாது."

மறுநாள் விருந்து. எல்லார் இலையிலும் பிரியாணி. ஜமீன்தார் இலையில் மட்டும் தோல்கூட உரிக்காத ஆட்டுத்தொடை.

"என்னடி இது?"

"மனுசருன்னா பிரியாணி வெச்சிருப்பேன். நீங்க சிங்கமேயாச்சே, சாமி!"

விருந்தாளிகளுக்குச் சிரிப்பில் புரையேறியது. ஜமீன்தாருக்கோ பிரியாணி வாசம் மூக்கைத் துளைத்தது.

"சரி, மாதிரின்னே சொல்லித் தொலை!"

"சொன்னா வேலை போயிருமே?"

"போகாதுடி, சோத்தைப் போடு!"

போட்டாள். சிங்கம் மாதிரி தின்றார்.