அனுமதி பெற்று வெளியிடப்பட்ட படம்

மூன்று பேர் உண்மையைச் சொன்னார்கள். அதைக் கேட்ட ஒருத்தி வசமாக மாட்டிக்கொண்டாள். பொய் சொல்லிப் பிறரை மாட்டிவிடுகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். உண்மையைச் சொல்லியே ஒருத்தியைத் திண்டாட வைத்தது எப்படி என்பதுதான் இந்தக் கதை. கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதனால் கொஞ்சம் கவனமாகவே படியுங்கள்.

தூத்துக்குடியில் மீனவர்களுக்காக நடக்கும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் இமெல்டா வேலை பார்த்தாள். கடற்பாம்பு கடித்தால் கரை சேரும்வரை என்ன செய்வது என்று ஒரு கையேடு போடும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்புவதற்குள் ஒவ்வொரு படகிலும் ஒரு பிரதி இருந்தாக வேண்டும். போன வருடம் கடிபட்ட ஒருவர், என்ன செய்வதென்று தெரியாமல் விழித்த கூட்டாளிகளின் கையிலேயே உயிரை விட்டிருந்தார். ஆகவே இது விளையாட்டு வேலை இல்லை.

எழுத வேண்டியதை எழுதியாயிற்று. பொருத்தமான படம்தான் அகப்படவில்லை. தேடித் தேடிக் கடைசியில், எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய மருத்துவ ஆய்விதழ் ஒன்றில், டாக்டர் திருமாறன் எழுதிய கட்டுரையில் அதைக் கண்டுபிடித்தாள். படகின் தளத்தில் ஓர் இளைஞனைக் கிடத்தி, கடிபட்ட காலை அசையாதபடி மட்டை வைத்துக் கட்டும் ஓவியம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். கட்டுரையின் தொடக்கத்தில், 'ஆசிரியர் பெயரையும் இதழின் பெயரையும் குறிப்பிட்டு எவரும் இதை எடுத்தாளலாம். தனியே குறிப்பிடப்பட்டவை நீங்கலாக' என்று இருந்தது. ஓவியத்தின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற பொடி எழுத்தில், 'ஓவியம்: செய்யது அபுதாஹிர், கீழக்கரை. அனுமதி பெற்று வெளியிடப்படுகிறது' என்று இருந்தது.

இமெல்டா இரண்டையும் படித்தாள். அனுமதிதான் பெற்றாயிற்றே என்று அவளுக்கு நிம்மதி. இருந்தாலும் பயந்த சுபாவம். எதற்கும் கேட்டுவிடலாம் என்று டாக்டருக்கு போன் போட்டாள்.

"தாராளமா போடுங்கம்மா. நல்ல காரியத்துக்குத்தானே? எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. எதுக்கும் அந்த இதழ்லயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார் அவர்.

இதழின் அலுவலகத்தில் பேசிய பெண்மணி இன்னும் தெளிவாகக் குழப்பினார். "கட்டுரையோட உரிமை எங்ககிட்ட இல்லைங்க, எழுதினவர்கிட்டயே இருக்கு. ஆனா அவரையும் நீங்க கேட்க வேண்டியதில்ல. நாங்க போட்டிருக்கிற நிபந்தனைப்படி நடந்தா போதும்."

போனை வைத்த இமெல்டாவுக்குத் தலை சுற்றியது. ஒருவருக்கு உரிமை உண்டாம், ஆனால் அவரைக் கேட்க வேண்டாமாம். அவரோ இன்னோர் இடத்தில் கேள் என்கிறார்; அங்கே உரிமையே இல்லையாம். சொந்தக்காரர் இருக்கும் பொருளை எவரும் எடுக்கலாம் என்றால் அது என்ன சொந்தம்?

"ரெண்டு பேரும் வேண்டாம்னு சொல்லலல்லா? பெறவென்ன யோசன, அச்சுக்கு அனுப்பு" என்றார் அவளுடைய மேலாளர் கஸ்பார். அதுவும் சரியாகத்தான் பட்டது. டாக்டர், இதழ், ஓவியர் எல்லோர் பெயரையும் மரியாதையாகப் போட்டு அனுப்பிவிட்டாள்.

கையேடுகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. முதல் கட்டு கீழக்கரைக்குப் போயிற்று. அடுத்த நாளே ஒரு முதியவர் போனில் பேசினார்.

"நான் அபுதாஹிர் பேசுறேன்மா. அந்தப் படத்துல கிடக்குறது என் மகன். பாம்பு கடிச்சுத்தான் மௌத்தாப் போனான். அவனைக் கடைசியாப் பார்த்த டாக்டர் கேட்டாரேன்னு, டாக்டர்மார் படிக்க மட்டும்னு சொல்லி வரைஞ்சு கொடுத்தேன். இப்ப நம்ம ஊர்ப் படகெல்லாம் அவன் முகம் போகுது. அவன் உம்மா இன்னும் பார்க்கல. பார்த்தா தாங்க மாட்டா. என்னை யாருமே ஒரு வார்த்தை கேக்கலையேம்மா."

"டாக்டரையும் கேட்டேன், இதழ்லயும் கேட்டேன் ஐயா" என்றாள் இமெல்டா. அவர் கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை. அவர் கோபப்படவும் இல்லை.

கஸ்பார் அசைந்து கொடுக்கவில்லை. "நம்ம மேல தப்பே கெடையாது. படகு கெளம்பப் போவுது. இது இல்லாம ஒருத்தன் செத்தாம்னா அந்தப் பாவம் யாருக்கு?" என்றார். அடுக்கி வைத்த கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து இமெல்டா அழுதாள். கொடுத்தால் ஒரு தாய்க்குத் துரோகம், கொடுக்காவிட்டால் எத்தனை தாய்மார்களுக்கோ.

டாக்டர் சம்மதித்தது உண்மை. கட்டுரையை எவரும் எடுக்கலாம் என்று இதழ் சொன்னதும் உண்மை. தன்னை யாரும் கேட்கவில்லை என்று அபுதாஹிர் சொன்னதும் உண்மை. அப்படியானால் அந்தப் படத்தைக் கையேட்டில் போட அனுமதி தரக்கூடியவர் யார்? இமெல்டா சறுக்கியது எந்த இடத்தில்?

விடை: அபுதாஹிர் ஒருவர்தான். டாக்டர் தன் எழுத்தைத்தான் ஊருக்குத் திறந்துவிட முடியும், இரவல் வாங்கிய படத்தை அல்ல. 'தனியே குறிப்பிடப்பட்டவை நீங்கலாக' என்று இதழ் எழுதி வைத்ததும் அதற்காகத்தான். படத்தின் கீழே இருந்த வரி, இது வேறொருவர் பொருள் என்ற எச்சரிக்கை. டாக்டர் தனக்காகப் பெற்ற அனுமதியை இமெல்டா தனக்கும் சேர்த்தது என்று எடுத்துக்கொண்டாள். கேட்க வேண்டாத இருவரைக் கேட்டு, கேட்க வேண்டிய ஒருவரை விட்டுவிட்டாள். இதைப் புரிந்துகொண்டதும் கஸ்பாரிடம் சொல்லாமலே கட்டுகளை நிறுத்திவிட்டுக் கீழக்கரைக்குப் பஸ் ஏறினாள். அங்கே போன பிரதிகளையெல்லாம் படகு படகாகத் திரும்ப வாங்கினாள். பிறகு அபுதாஹிர் வீட்டுக்குப் போய், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள். அவர் உடனே உட்கார்ந்து புதிதாக ஒரு படம் வரைந்து கொடுத்தார். தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பியபோது எல்லாவற்றிலும் அந்தப் புதுப் படம் ஒட்டிய கையேடு இருந்தது. அதில் கடிபட்டுக் கிடப்பவருக்கு நரைத்த தாடி. அபுதாஹிர் தன் முகத்தையே வரைந்திருந்தார்.