சக்கரவர்த்தி கன்னத்துத் தழும்பு

முன்னொரு காலத்தில் நீர்முகப்பட்டினம் என்ற துறைமுக நாட்டை மகரகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பது பேச்சுக்குத்தான். யவனக் காசுகளைச் சேர்ப்பதும், அவற்றை வைத்த சந்தனப் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதும்தான் அவருக்குப் பொழுது முழுக்க வேலை. காசில் இருக்கும் தலை எந்தச் சக்கரவர்த்தியுடையது என்று சொல்ல வித்தகநாதர் என்று ஒரு அதிகாரி. இன்றைக்கு ஒரு பேர் சொல்வார், நாளைக்கு வேறு பேர் சொல்வார். குரல் மட்டும் கணீரென்று இருக்கும். ராஜாவுக்கு அது போதாதா?

ஒருநாள் ஒரே சக்கரவர்த்தியின் பொற்காசு இருபத்தொன்றைக் கொண்டுவந்து கொட்டி, பதிலுக்கு ஒரு ஊரையே எழுதி வாங்கிக்கொண்டார் வித்தகநாதர். "ராணிக்குக் காசுமாலை!" என்று துள்ளிய ராஜா, அவற்றை அரண்மனைக்கு நகை செய்யும் நல்லநாச்சியிடம் அனுப்பினார்.

முதல் காசில் துளை போட்டதுமே நாச்சிக்குக் குட்டு தெரிந்துவிட்டது. மேலே பொன் முலாம், உள்ளே செக்கச்செவேலென்று செம்பு! வெளியே சொன்னால், "இவள்தான் மாற்றிவிட்டாள்" என்று கையைக் காட்டுவார் வித்தகநாதர். அரண்மனைப் பொன்னைத் திருடினால் அந்த நாட்டில் கையை வெட்டுவார்கள். மற்ற இருபதையும் வரிசையாகப் பரப்பி உற்றுப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு ஒரு வழி தெரிந்தது.

மறுநாள் சபையில் வித்தகநாதரிடம் பணிவாகக் கேட்டாள்: "ஐயா, இவை நீங்கள் கொண்டுவந்தவைதானா? எல்லாவற்றிலும் கன்னத்தில் ஒரு கோடு இருக்கிறதே?"

"இதிலென்ன சந்தேகம், பெண்ணே? இருபத்தொன்றும் என் காசுகள்தான். அது கோடில்லை. சக்கரவர்த்தி போரில் வாங்கிய தழும்பு!"

"ஆகா!" என்றார் ராஜா.

"அடடா! மகாராஜா, உங்கள் பெட்டியிலும் இதே சக்கரவர்த்தி இருப்பாரே?"

பெட்டி வந்தது. ஒரு காசில் வெட்டு நெற்றியில். இன்னொன்றில் மூக்கில். மூன்றாவதில் கழுத்துக்குக் குறுக்கே.

"பாவம், கழுத்தறுபட்ட பிறகும் என்ன கம்பீரம், ஐயா!" என்றாள் நாச்சி. சபையே சிரித்தது.

"மகாராஜா, கப்பலில் வரும் காசு உள்ளேயும் பொன்தானா என்று பார்க்க நம் துறைமுக வியாபாரிகள் உளியால் ஒரு கீறு கீறுவார்கள். ஆளுக்கு ஆள் கை வேறு, காசுக்குக் காசு இடம் வேறு. இருபத்தொன்றிலும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் எப்படி விழும்? கீறிய காசு ஒன்றை வைத்து அச்செடுத்துச் செம்பை வார்த்த மகானுபாவன், கீறலையும் சேர்த்து வார்த்துவிட்டான்!"

"பொய்! இவள் மாற்றிவிட்டாள்!" என்று அலறினார் வித்தகநாதர்.

"இப்போதுதானே சபையறிய உங்களுடையது என்றீர்கள், ஐயா?"

ராஜாவே உளியை வாங்கி ஒரு காசைக் கீறினார். செம்பு பல்லை இளித்தது.

அந்த ஊரும் அதிகாரி பதவியும் நாச்சிக்கு வந்தன. வித்தகநாதருக்கும் ஒன்றும் குறையில்லை. அந்தச் செம்புக் காசுகளையே மாலையாகக் கோத்துப் போட்டுக்கொண்டுதான் தினமும் சபைக்கு வரவேண்டும் என்று உத்தரவு.

சித்திரை வெயிலில் வியர்த்து வியர்த்து முலாம் போய், கழுத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் படிந்தது. ராஜா எட்டிப் பார்த்தார்.

"நாச்சி, அதென்ன அவர் கழுத்தில்?"

"போர்த்தழும்பு, மகாராஜா!"