வடக்கு தெரியாத தீர்ப்பு

திருவேலம்பட்டு கோர்ட்டில் சேரியிலிருந்து வந்து முதன்முதலாகக் கறுப்பு அங்கி மாட்டியவர் சிவக்கொழுந்து. அதே கோர்ட்டில் சேரியிலிருந்து வந்து முதன்முதலாக நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தவர் கலியபெருமாள். முன்னவர் குரு. பின்னவர் அவரிடம் பத்துப் பன்னிரண்டு வருஷம் தொழில் கற்ற சீடர்.

சிவக்கொழுந்து வக்கீலாக வந்த புதிதில், வக்கீல்கள் அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலியும் காலியாக இருந்ததில்லை. காலியாகத் தெரியும் நாற்காலியில் யாருடைய துண்டாவது கிடக்கும். அவர் சண்டை போடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றபடியே வழக்குக் கட்டைப் படித்தார். நின்று நின்று படித்ததில், எந்தப் பக்கத்தில் எந்த வரி இருக்கிறது என்று கட்டைப் பிரிக்காமலே சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. கட்சிக்காரர்கள் மரத்தடிக்கே தேடி வந்தார்கள். பிறகு ஒருநாள் துண்டுகள் தாமாக நகர்ந்தன.

கலியபெருமாள் ஜூனியராகச் சேர்ந்த அன்று குரு சொன்ன பாடம் ஒன்றே ஒன்று.

"மத்தவன் ஒரு தடவை படிச்சா நீ மூணு தடவை படி."

அப்படியே படித்தார். பரீட்சை எழுதினார். முன்சீப் நீதிபதி வேலைக்கு உத்தரவு வந்தபோது சேரியில் தீபாவளி மாதிரி வெடி வெடித்தார்கள். முதல் நாள் கோர்ட் கூடியபோது குரு வந்து கடைசி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அதோடு அந்தக் கோர்ட்டில் வழக்கு எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

"நான் வளர்த்த ஆளு முன்னாடி நானே போய் நின்னா எதிர்க்கட்சிக்காரனுக்கு ராத்திரி தூக்கம் வருமா?" என்றார்.

இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. அப்புறம் அந்தக் கிணற்று வழக்கு வந்தது.

பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவர். நடுவில் ஒரு கிணறு. கிணற்றிலிருந்து போகும் வாய்க்கால் வடக்கு நிலத்துக்குச் சொந்தமா, தெற்கு நிலத்துக்குச் சொந்தமா என்பதுதான் தகராறு. கோர்ட் கமிஷனராக அனுப்பிய வக்கீல் இடத்தைப் பார்த்து வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தார். கலியபெருமாள் சாட்சிகளை நிதானமாக விசாரித்தார். தீர்ப்பை விரிவாக எழுதினார். வாய்க்கால் வடக்கு நிலத்துக்காரருக்கு என்றார்.

தெற்கு நிலத்துக்காரர் மேலே போனார். சப் ஜட்ஜ் நரசிம்மாச்சாரி அப்பீலை விசாரித்து, முன்சீப்பின் தீர்ப்பு தவறு என்று தள்ளிவிட்டார். வரைபடத்தை முன்சீப் திசை மாற்றிப் படித்துவிட்டார் என்பதுதான் காரணம்.

அன்று மத்தியானம் கலியபெருமாள் கட்டடத்தின் பின்பக்கமாகத் தன் அறைக்கு நடந்துகொண்டிருந்தார். வக்கீல்கள் அறையின் ஜன்னல் திறந்திருந்தது. மூத்த வக்கீல் ஜம்புலிங்கத்தின் குரல் கேட்டது.

"நாற்காலியை சர்க்கார் கொடுத்துடும் சார். மூளையைக் கொடுக்குமா?"

உள்ளே சிரிப்பு எழுந்தது. கலியபெருமாள் நிற்கவில்லை. ஆனால் அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் குருவின் வீட்டுக்குப் போனார்.

குரு ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை.

"ஐயா, நான் வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்."

குரு கத்தியை நிறுத்தவில்லை.

"தீர்ப்பு தப்பா?"

"தப்புதாங்க."

"வேணும்னு செஞ்சியா?"

"ஐயா!"

"கேட்ட கேள்விக்குப் பதில்."

"இல்லீங்க. வரைபடத்துல வடக்கு கீழே இருந்திருக்கு. நான் வழக்கம்போல மேலேதான் வடக்குன்னு நெனச்சுப் படிச்சுட்டேன்."

"வாய்க்கால் தண்ணி இப்ப யாருக்குப் போகுது?"

"பாத்தியப்பட்டவருக்குத்தான் போகுது."

"நடுவுல பயிர் காஞ்சு போச்சா?"

"இல்லீங்க. அப்பீல் போட்ட அன்னிக்கே தடை உத்தரவு வாங்கிட்டாங்க. கரும்பு ஆள் உயரம் நிக்குது. நேத்து சைக்கிள்ல அந்தப் பக்கமாப் போயி, தூரத்துல நின்னு பார்த்துட்டு வந்தேன்."

குரு கண்ணாடிக்குள்ளேயே அவரைப் பார்த்தார்.

"அப்ப யாருக்கு நஷ்டம்?"

"நமக்குத்தாங்க."

"நமக்குன்னா?"

கலியபெருமாள் ஜன்னலோரம் கேட்டதைச் சொன்னார்.

"என்னை மட்டும் சொன்னா வாங்கிக்குவேங்க. எனக்கு அப்புறம் நம்ம பையன் ஒருத்தன் இந்த நாற்காலிக்கு வரணுமில்ல? அப்ப இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து நீட்டுவாங்க. நீங்க வெயில்ல நின்னு தொறந்த கதவு. நான் உள்ள வந்து சாத்திட்டேன்."

குரு மிச்சக் கன்னத்தையும் மழித்தார். செம்புத் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினார். துண்டால் காதோரம் வரை துடைத்தார்.

"சாயங்காலம் நரசிம்மாச்சாரிக்குப் பிரிவு உபசாரம். ரிட்டயர் ஆகறார். உனக்கு அழைப்பு வந்துதா?"

"வந்துது. நான் போகலீங்க."

"போ. பஜ்ஜி நல்லா இருக்கும்."

"ஐயா, நான் எதுக்கு வந்தேன், நீங்க…"

"தின்னுட்டு வந்து ராஜினாமா எழுது. யார் வேண்டாங்கறது?"

குரு சொல்லைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை. போனார்.

கோர்ட் வளாகத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் நீதிபதிகள், பின்னால் வக்கீல்கள், பந்தல்கால் ஓரமாக டவாலிச் சேவகர்களும் குமாஸ்தாக்களும். நரசிம்மாச்சாரி கழுத்தில் ரோஜா மாலையோடு கூச்சமாக உட்கார்ந்திருந்தார். கலியபெருமாள் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தார். குரு கடைசி வரிசையில் ஒரு தட்டு பஜ்ஜியோடு இருந்தார்.

முதலில் பேச எழுந்தவர் ஜம்புலிங்கம்.

"ஐயாவோட பெருமையை எல்லாரும் சொல்வாங்க. நான் ஒரு தீர்ப்பை மட்டும் சொல்றேன். ஒரு வீட்டு வழக்கு. குடியிருந்தவர் ஒரு மாசத்துக்குள்ள காலி பண்ணணும்னு ஐயா உத்தரவு போட்டார். அந்த ஆளு செத்துப் போய் அப்ப ஒரு வருஷம் ஆகுது!"

பந்தல் அதிர்ந்தது. நரசிம்மாச்சாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"ஆனா காலி பண்ணிட்டாரோ இல்லியோ?"

இன்னும் பெரிய சிரிப்பு.

அடுத்து ஒருவர் எழுந்தார். அண்ணன் தம்பி மூன்று பேர் பாகப்பிரிவினையில், வீட்டில் இருந்த ஒரே பசுவை ஐயா மூன்று பாகமாகப் பிரித்துக் கொடுத்தார் என்றார். ஹைகோர்ட் தலையிட்டுத்தான் பசு பிழைத்ததாம்.

"அந்த வாரம் ஐயாவுக்குப் பல்வலி, பாவம்" என்று யாரோ பரிந்து பேசினார்கள்.

இன்னொரு தீர்ப்பு, பெண் கல்யாண மும்முரத்தில் எழுதியது. இன்னொன்று, விசிறி இழுக்கிறவன் வராத சித்திரை மாசத்தில் எழுதியது. ஒவ்வொன்றையும் மேல்கோர்ட் தள்ளியிருந்தது. ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் நரசிம்மாச்சாரிதான்.

கலியபெருமாளுக்கு முதலில் சிரிப்பு வரவில்லை. வழக்கில் சாட்சி சொல்வதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். பல்வலி என்றார்கள். கல்யாணம் என்றார்கள். வெயில் என்றார்கள். இந்த மனிதர் எந்தத் தெருவில் பிறந்தார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தார். குரு பஜ்ஜிக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார்.

"முன்சீப் அவர்களும் நாலு வார்த்தை பேசணும்" என்று செயலாளர் கூப்பிட்டார்.

கலியபெருமாள் எழுந்தார். 'அன்னாரின் ஓய்வுக்காலம் இனிதே அமைய' என்று மரியாதையாக ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். வாய் திறந்தபோது வேறு வந்தது.

"எல்லாரும் சப் ஜட்ஜ் அவர்களோட தீர்ப்பைச் சொன்னீங்க. நான் என் தீர்ப்பைச் சொல்றேன். ஒரு கிணற்று வழக்கு. எது வடக்கு, எது தெற்குன்னு தெரியாமலே பன்னெண்டு பக்கம் எழுதினேன். ரொம்ப அழகான தமிழ்ல, திருக்குறள் எல்லாம் போட்டு எழுதினேன்."

ஒருவர் தம்ளரைக் கீழே வைத்தது கேட்டது. கலியபெருமாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என் தீர்ப்புப்படி பார்த்தா அந்த ஊர்ல சூரியன் மேற்கே உதிக்கணும். சப் ஜட்ஜ் அவர்கள் ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி அதைப் பழையபடி கிழக்கே கொண்டு வந்து வெச்சுட்டுப் போறார். அந்த ஊர்க்காரங்க சார்பா நன்றி."

எல்லோர் பார்வையும் ரோஜா மாலைப் பக்கம் திரும்பியது.

பிறகு நரசிம்மாச்சாரி சிரித்தார். தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துக் கையை உயர்த்தினார்.

"இதை நான் சொல்லியாகணும். அந்தப் படத்திலே வடக்கு எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்க எனக்கே ஒரு முழு நாள் ஆச்சு. முதல்லே நானும் தப்பாத்தான் படிச்சேன். படம் வரைஞ்ச கமிஷனர் இங்கேதான் உட்கார்ந்துண்டிருக்கார்."

மூன்றாவது வரிசையில் ஓர் இளம் வக்கீல் சட்டென்று குனிந்து செருப்பைத் தேடினார். அவ்வளவுதான், பந்தல் இடிந்து விழுகிறாற்போல் சிரிப்பு. பந்தல்கால் ஓரத்தில் கலியபெருமாளின் டவாலி வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கலியபெருமாளும் சிரித்தார். முன்சீப் ஆன பிறகு அந்த வளாகத்துக்குள் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தபோது பசித்தது. தட்டில் இருந்த கேசரியை முழுக்கத் தின்றார்.

கூட்டம் கலைந்ததும் குருவும் சீடரும் கடைத்தெரு வழியாக நடந்தார்கள். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பூக்காரிகள் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா."

"ம்."

"எல்லாரும் சிரிச்சாங்க. ஜம்புலிங்கம் சிரிக்கல. பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கைக்குட்டையை மடிச்சிட்டிருந்தாரு."

"அவரு மாறமாட்டாரு."

"மாறமாட்டாரு."

"நம்ம பையன் ஒருத்தன் அடுத்தாப்புல வந்தா, அவனையும் இதேதான் சொல்வாரு."

"சொல்வாரு. அப்ப அந்தப் பையனுக்குப் பக்கத்து அறையில நீ இருப்பே இல்ல?"

கலியபெருமாள் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். மனசு லேசாக இருந்தது. ஆனாலும் ஓர் ஓரத்தில் ஒரு முள் மிச்சமிருந்தது.

"நரசிம்மாச்சாரி மாதிரி நாமளும் தப்பு பண்ணிட்டு சிரிச்சுக்கிட்டே ரிட்டயர் ஆகற காலம் வருமாங்க?"

"இன்னிக்கு நீ சிரிக்கலையா?"

"சிரிச்சேங்க. ஆனா நாளைக்கே இன்னொரு தப்பு பண்ணிட்டேன்னா?"

தெருமுனை வந்துவிட்டது. குரு இடதுபக்கம் போகவேண்டும், சீடர் வலதுபக்கம். குரு நின்றார்.

"நாளைக்குக் கட்டு நிறைய இருக்கா?"

"மேசை கொள்ளாம இருக்குங்க."

"அப்ப வீட்டுக்குப் போய்ப் படி. எவ்வளவு படிச்சாலும் ஒண்ணு ரெண்டு தப்பாத்தான் போகும்."