மெருகு போட்ட வில்லைகள்

சங்கரலிங்கம் கோவில்பட்டியில் முப்பது வருடம் பல் வைத்தியம் பார்த்தவர். ஐம்பத்தெட்டு வயதில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்தார். வழிகாட்டி டாக்டர் பர்வீன், சங்கரலிங்கத்தின் மகளைவிட இரண்டு வயது இளையவர்.

பல் போன இடத்தில் டைட்டானியம் திருகு வைத்து அதன்மேல் புதுப் பல் கட்டுவார்கள். அந்த உலோகத்தை ஈறு இறுக்கிப் பிடித்தால்தான் கிருமி உள்ளே இறங்காது. எப்படிப்பட்ட பரப்பை ஈறு பிடிக்கும் என்பதே அவருடைய ஆராய்ச்சி. சட்டைப் பொத்தான் அளவு டைட்டானியம் வில்லைகள்மேல் ஈறின் செல்களை வளர்த்தார்.

இரண்டு முறை வளர்த்தார். இரண்டு முறையும் கழுவியதும் செல்கள் தண்ணீரோடு போய்விட்டன. மிச்சம் ஒரே ஒரு குப்பி செல்கள். அதுவும் போனால் படிப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான். மனிதர் நொந்துபோயிருந்தார்.

"மேடம், இந்தச் செல்லுக்கும் எனக்கும் ராசியே இல்லை."

"வில்லையை என்ன செஞ்சீங்க சார்?"

"வழக்கம்போலத்தான். வரி வரியா கீறல் இருந்துச்சு. ஒண்ணு விடாம மெருகு போட்டேன். பாருங்க, மூஞ்சி தெரியும்."

பர்வீன் பார்த்தார். மூஞ்சி தெரிந்தது. அந்த வரிகளை லேசரில் போட்டு வாங்க அவர் ஆறு வாரம் காத்திருந்தார். திட்டத் திறந்த வாய் சிரித்துவிட்டது.

"உங்க செருப்பைக் காட்டுங்க சார்."

காட்டினார். ஏழு வருடத் தேய்மானத்தில் அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது.

"வராண்டாவை இப்பத்தான் துடைச்சிருக்காங்க. சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நடை போயிட்டு வாங்க."

நாலாவது அடியில் கால் வாரியது. சுவர்தான் காப்பாற்றியது.

"பார்த்துப் போங்க சாரு!" என்றார் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள்.

சங்கரலிங்கம் முகம் மலர்ந்து திரும்பி வந்தார். "புரிஞ்சுது மேடம். கரடுமுரடா, ஆழமா கீறிடறேன். அப்புறம் எப்படிப் போகுதுன்னு பார்க்கலாம்!"

பர்வீன் வாசலில் கிடந்த தோட்டக்காரரின் பூட்ஸை ஒரு குச்சியால் புரட்டிப் போட்டார். ஆழமான பள்ளங்களில் சேறு, சருகு, இரண்டு எறும்பு.

"இது வழுக்காது சார். ஆனா யார் யார் குடிவந்திருக்காங்க பாருங்க."

சங்கரலிங்கம் குனிந்து பார்த்தார். "கிருமி," என்றார் மெல்ல.

வில்லைகளின் கடைசி பாக்கெட்டைப் பிரித்தார்கள். மெல்லிய வரிகள் அப்படியே இருந்தன. சங்கரலிங்கத்தின் கை தானாக மெருகு இயந்திரத்தின் பக்கம் போயிற்று. பர்வீன் அதன் வயரைக் கழற்றித் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். கடைசிக் குப்பிச் செல்களை அந்த வரிகள்மேலேயே விட்டார்கள்.

மூன்றாம் நாள் சங்கரலிங்கம் புதுச் செருப்போடு வந்தார். வில்லையை ஒரு முறை கழுவினார். இரண்டாம் முறை கழுவினார். மூன்றாம் முறையும் கழுவினார். பிறகு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

ரயில் பெர்த்தில் கால் நீட்டிப் படுத்தவர்கள்போல் வரிக்கு வரி செல்கள் நீண்டு கிடந்தன. ஒன்றும் போகவில்லை. சங்கரலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "மேடம், முப்பது வருஷமா கட்டின பல்லு எல்லாத்துக்கும் மெருகு போட்டேன். நாக்குல உறுத்துதுன்னு ஒருத்தர்கூடத் திரும்பி வந்ததில்லை. அப்ப அது தப்பா?"

"தப்பில்லை சார். நாக்கு தொட்டுப் பார்த்துட்டுப் போயிடும். ஈறு தங்க வந்தது."