சிறுத்தையை யார் பார்த்தது?

முள்ளி என்ற முள்ளம்பன்றிக்கு மூக்கின் மேல் கோபம். அதனிடம் சிரித்துப் பேசுகிற ஒரே ஜீவன், பக்கத்துப் புதரில் குடியிருந்த வெள்ளச்சி என்ற முயல்தான்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. காட்டிலிருந்த ஓடையும் குட்டைகளும் வற்றி, கரும்பாறை மடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அடுத்த மழை வருமா, வராதா? யாருக்கும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து நரி ஒரு செய்தியோடு புதர் புதராக வந்தது.

“காட்டுக்குள் சிறுத்தை நுழைந்திருக்கிறது! கூட்டமாகத் தண்ணீருக்குப் போனால் சத்தம் கேட்டுப் பாய்ந்துவிடும். ஆளுக்கு ஒரு நேரமாகத் தனியாக வாருங்கள். மடுக்கரையில் நான் காவல் இருக்கிறேன். மற்ற நேரத்தில் யார் கூப்பிட்டாலும் வெளியே வராதீர்கள். என்ன சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்க்காதீர்கள்!”

“உனக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு!” என்றது மான்.

அன்றோடு காடு ஊமையாகிவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள்கூட முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. அவ்வப்போது யாராவது தண்ணீருக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. முதலில் ஒரு காடை. பிறகு ஒரு கீரி. “ஐயோ பாவம், சிறுத்தை!” என்று முனகிவிட்டு, மற்றவர்கள் இன்னும் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் வெள்ளச்சி தண்ணீருக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் மடுப்பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. அது யார் குரல் என்று முள்ளிக்குத் தெரிந்துவிட்டது. வளையின் வாசல் வரை ஓடியது. ‘சிறுத்தை!’ என்ற நினைப்பு வந்ததும் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

காலையில் பக்கத்துப் புதரில் முயல் குட்டிகள் மட்டும் இருந்தன.

“அம்மா எங்கே, பெரியம்மா?” என்று அவை கேட்டன.

முள்ளிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சிறுத்தையின் மேல் கோபம். நகராமல் நின்ற தன் கால்களின் மேல் அதைவிடக் கோபம். யார் நேரம், எவர் நேரம் என்று பார்க்கவில்லை. நேராக மடுவுக்கு நடந்தது.

பாறை நிழலில் நரி வயிறு புடைக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னங்கால் அருகே வெள்ளை ரோமம் சிதறிக் கிடந்தது. கரைச் சேற்றில் மானின் குளம்பு பதிந்திருந்தது. பன்றியின் குளம்பு பதிந்திருந்தது. நரியின் கால் எங்கும் பதிந்திருந்தது. சிறுத்தையின் தடம் மட்டும் ஓர் இடத்திலும் இல்லை.

சற்றுத் தள்ளி, கூழாங்கற்களுக்கு நடுவே ஆள்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒரு புல் அசைந்தாலே கத்திக் காட்டைக் கூட்டுகிற பறவை அது. இப்போது மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தது.

“நீ எல்லாவற்றையும் பார்த்தாய்தானே?” என்று பல்லைக் கடித்தது முள்ளி.

“மெதுவாகப் பேசு! நான் வாயைத் திறக்காமல் இருந்தால் என் முட்டைகளைத் தொடமாட்டேன் என்று நரி சொல்லியிருக்கிறது.”

“அடிப்பாவி! உன் முட்டைகளைக் காப்பாற்ற என் வெள்ளச்சியைக் கொடுத்துவிட்டாயா?”

குருவிக்கும் கோபம் பொங்கிவிட்டது. “நான் கத்தியிருந்தால் நீ வந்திருப்பாயா? அவளே கத்தினாளே! உங்கள் காதில் விழவில்லையா? ஒருத்தராவது வந்தீர்களா?”

விறைத்து நின்ற முள்ளியின் முட்கள் மெல்லப் படிந்தன.

“நாங்கள் வந்தால், கத்துவாயா?” என்று கடைசியில் கேட்டது.

“முதலில் வந்து காட்டுங்கள்!”

முள்ளி திரும்பியது. முயல் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு முதலில் உடும்பின் வளைக்குப் போனது.

“சிறுத்தையை நீ பார்த்தாயா?”

“நான் பார்க்கவில்லை. மான் சொன்னது.”

மானிடம் போனது. “நீ பார்த்தாயா?”

“இல்லையே! நரி சொன்னது.”

“நரி சொன்னது! நரி சொன்னது! நம்மைத் தனித்தனியாக வரச் சொன்னதும் அதுதான். தனியாக வந்தவர்களைத் தின்றதும் அதுதான். நாம் இங்கே வாசலை அடைத்துக்கொண்டு நம்மையே அதற்கு ஊட்டிக்கொண்டிருக்கிறோம்!”

மானும் உடும்பும் வெட்கத்தோடு அதன் பின்னால் வந்தன. ஆனால் பெண் காட்டுப்பன்றி படுத்த இடத்திலிருந்து எழவில்லை.

“எனக்கென்ன வந்தது? நரியால் என்னைத் தொட முடியுமா?”

“உன் குட்டிகளைத் தொடுமே! நாளைக்கு அவை தனியாகத் தண்ணீருக்குப் போகுமே! அன்றைக்கு நீ அலறினால் நாங்களும் இப்படித்தான் படுத்திருப்போம்!”

முள்ளியின் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்ற முயல் குட்டிகளைப் பன்றி பார்த்தது.

“இதுகளுக்குத் தண்ணீர் கொடுத்தது யார்?”

“யாரும் கொடுக்கவில்லை.”

பன்றி எழுந்து மண்ணை உதறியது. “நட, போகலாம்!”

அவர்கள் போகிற சத்தம் கேட்டு, வழியில் காடைகளும் கீரிகளும் எட்டிப் பார்த்தன. சில திரும்ப உள்ளே போய்விட்டன. பல சேர்ந்துகொண்டன.

கூட்டத்தைக் கண்டதும் நரி துள்ளி எழுந்தது. “என்ன காரியம் செய்கிறீர்கள்! சிறுத்தை வந்துவிடும்!”

“வரட்டும்! கூப்பிடு உன் சிறுத்தையை!” என்றது முள்ளி.

யாரும் அசையவில்லை. காற்றுதான் அடித்தது. சிறுத்தை வரவில்லை.

நரி சுற்றும் முற்றும் பார்த்தது. அதன் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்துபோனது. “ஒரு அடி எடுத்து வைத்தால் முட்டைகளை நசுக்கிவிடுவேன்!” என்று குருவியின் கூட்டை நோக்கிப் பாய்ந்தது.

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த குரலையெல்லாம் சேர்த்துக் கத்தியது ஆள்காட்டிக் குருவி. “பிடியுங்கள்! இதோ கொலைகாரன்! பிடியுங்கள்!”

முள்ளி முதுகைத் திருப்பி, முட்களை விரித்து, பின்பக்கமாகவே ஓடிவந்து மோதியது. நரியின் மூஞ்சியில் முட்கள் குத்திக்கொண்டு நின்றன. ஊளையிட்டுத் திரும்பிய நரியைப் பன்றி முட்டித் தூக்கி எறிந்தது. கீரிகள் அதன் காலைக் கடித்தன. மான் உதைத்தது. நரி நொண்டிக்கொண்டு ஓடியது. பிறகு அந்தக் காட்டுப் பக்கமே அது தலைகாட்டவில்லை.

கூட்டில் ஒரு முட்டை உடைந்திருந்தது. குருவி அதையே பார்த்துக்கொண்டு நின்றது. முள்ளி பக்கத்தில் போய் நின்றது. “கத்தினாயே” என்று மட்டும் சொன்னது.

முயல் குட்டிகள் முதலில் குடித்தன. பிறகு எல்லோரும் குடித்தார்கள். மடு பாதியாகிவிட்டது.

“இனி என்ன செய்வது?” என்றது மான்.

உடும்பு தயங்கித் தயங்கிப் பேசியது. “ஓடை வளைவில், என் வளைக்கு அடியில் மண் ஈரமாக இருக்கிறது. என்னால் அவ்வளவு ஆழம் தோண்ட முடியவில்லை.”

“இவ்வளவு நாளாக ஏன் சொல்லவில்லை?” என்று சீறியது முள்ளி.

“யாராவது வெளியே வந்திருந்தால்தானே சொல்ல!”

பன்றி அங்கே போய் மூக்கால் மண்ணைக் கிளறியது. மற்றவர்கள் மண்ணைத் தள்ளினார்கள். மத்தியானத்துக்குள் குழியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. கலங்கல்தான். ஆனாலும் ஊறிக்கொண்டே இருந்தது. மான் வாய்விட்டுச் சிரித்தது. அந்தக் காட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

மழை அப்புறமும் வரவில்லை. முள்ளியின் கோபமும் ஆறவில்லை. ஆனால் சாயங்காலமானால் அது வளை வளையாகப் போய்ச் சத்தம் போட்டது. “தண்ணீருக்கு நேரமாயிற்று! யாரும் தனியாகப் போகக்கூடாது! எல்லோரும் வெளியே வாருங்கள்!”

எல்லோரும் வந்தார்கள். குட்டிகளை நடுவில் விட்டு, பேசிக்கொண்டே நடந்தார்கள்.

கெட்ட காலத்தில் தனித்தனியே பதுங்குகிறவர்கள் வஞ்சகனுக்கு இரையாவார்கள். ஒருவர் குரலுக்கு ஒருவர் ஓடிவருகிறவர்களுக்கே நாளையின் மேல் நம்பிக்கை பிறக்கும்.