காதில் போட்ட வார்த்தை

நடுவர் தாஹிராவிடம் தொழில் கற்க உதவியாளராக வந்த அருமைநாயகத்துக்கு அவரைவிட வயது அதிகம். தூத்துக்குடி வக்கீல். யாரையும் லேசில் நம்பமாட்டார். அதுதான் தன் சாமர்த்தியம் என்று நினைப்பு.

சிங்கப்பூரில் விசாரணை. ஒரு பக்கம் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனி. மறுபக்கம் ஒற்றைக் கப்பல் வைத்துப் பிழைக்கும் சூசை பர்னாந்து. தோற்றால் அந்தக் கப்பலும் போய்விடும். எந்த நாட்டுக் கோர்ட்டும் வேண்டாம் என்று இரு தரப்பும் சேர்ந்துதான் தாஹிராவை நடுவராக வைத்திருந்தார்கள்.

தேநீர் இடைவேளையில், ஜன்னலோரம் நின்ற தாஹிராவிடம் கம்பெனி வக்கீல் குனிந்து ஏதோ சொன்னார். தாஹிரா தலையாட்டினார். வராந்தாவிலிருந்து பார்த்த நாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவருமா!

நேரே பர்னாந்துவிடம் போனார். "அண்ணாச்சி, உஷாரா இருங்க. அங்க என்னமோ பேரம் நடக்கு."

பர்னாந்துவின் முகம் சுண்டிப்போனது.

எல்லோரும் மறுபடி உட்கார்ந்ததும் தாஹிராதான் முதலில் பேசினார்.

"இடைவேளையில் கம்பெனி வக்கீல் என்னைத் தனியாகப் பிடித்தார். பர்னாந்துவின் கேப்டன் குடிகாரர், அவர் சாட்சியை நம்பாதீர்கள் என்றார். முதல் வார்த்தையிலேயே நான் நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் விலகிக்கொள்கிறேன்."

கம்பெனி வக்கீல் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டார்.

பர்னாந்து எழுந்தார். "நீங்களே இருங்கம்மா. ஆனா எங்க கேப்டன் பெந்தெகொஸ்தேகாரரு, குடியைத் தொடவே மாட்டாரு. வேணும்னா அவரு பாஸ்டர்கிட்ட கேட்டுப் பாருங்க!"

சிரிப்பு எழுந்தது. தாஹிரா சிரிக்கவில்லை.

"வேறு யாராவது, யாரிடமாவது தனியாகப் பேசியிருந்தால் இப்போதே சொல்லலாம்."

பர்னாந்து நாயகத்தைப் பார்த்தார். நாயகம் ஃபைலைப் பார்த்தார்.

சாயங்காலம் அறை காலியானதும் நாயகம் வெடித்தார்.

"நான்தான் பேசினேன் மேடம். உங்களைச் சந்தேகப்பட்டேன். அது தப்பா?"

"சந்தேகப்பட்டது தப்பில்லை. எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டிருக்கலாம்."

"அத்தனை பெரிய கம்பெனியோடு ஒற்றை ஆள் மோதுகிறார். அவர் காதில் ஒரு வார்த்தை போட்டேன். அவ்வளவுதானே?"

"நாயகம் சார், நீங்கள் என் உதவியாளர். நீங்கள் போட்ட வார்த்தை நான் போட்ட மாதிரிதான்."

"சரி, காலையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடட்டுமா? சொன்னால் கம்பெனி இதையே பிடித்துக்கொண்டு விசாரணையைக் கலைத்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கணும். அதுவரை அண்ணாச்சி தாக்குப்பிடிப்பாரா? கப்பல் போய்விடும்!"

"போகலாம்."

"கல்நெஞ்சா உங்களுக்கு? நாம் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டால் யாருக்கு என்ன கெட்டுவிடும்? மனுஷன் ஜெயித்துக் கரையேறிவிடுவார்."

தாஹிரா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஜெயிக்கலாம். ஆனால் ஜெயித்தது தன் வழக்கா, நீங்கள் காதில் போட்ட வார்த்தையா என்று ஆயுசுக்கும் அவருக்கே தெரியாது."